நம் கையால் ஒரு தோற்பை

(கொல்கத்தாவில் நம் சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வீட்டிலிருந்தபடியே பழகக்கூடிய கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று மாதர் பிரிவினர் பணித்தனர். தையலும் பின்னலும் பூவேலையும் நம் காலனிப் பெண்மணிகளுக்குக் கைவந்த கலைகள். அவற்றைப் பற்றி நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியது ஒன்றும் இல்லை. ஆதலின் நம் வீடுகளுக்குள் பெரும்பாலும் நுழையாத ஒரு தொழிலைத் தேர்ந்து கொண்டேன். தோலை வெட்டி, துளையிட்டு, நூல்கொண்டு தைத்து, தோளில் மாட்டத்தக்க ஒரு பையை நம் கையாலேயே செய்து கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய பொருள்.

தோல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் சிலர்க்கு ஒரு தயக்கம் எழுவது இயல்பு. அத்தயக்கத்தைப் பற்றியும் பேசத்தான் போகிறேன். ஆயினும் முதலில் வேலையைப் பேசுவோம். ஒரு வேலையின் அருமையை அறிந்த பிறகு, அதன்மேல் நாம் கொண்ட தயக்கத்தை எடைபோட்டுப் பார்ப்பது எளிது.

இத்தொழிலைப் பழகுவதற்கு நாம் வாழும் இவ்வூர் மிகவும் ஏற்றது. ஹக்கா வகுப்பைச் சேர்ந்த சீனக் குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாங்கராவில் தோல் பதனிடும் சாலைகளை அமைத்தன. அங்கே சுண்ணாம்பு நீரிலும் சேற்றிலும் நின்று உழைத்தவர் பலர் பீகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சாலைகளின் கழிவுநீரால் விளைந்த கேட்டைக் கருதி உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் அவற்றை நகருக்கு வெளியே கொண்டு செல்லுமாறு ஆணையிட்டது. அதன் பின்னர் இத்தொழில் பந்தலாவுக்குப் பெயர்ந்தது. ஆயினும் தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் சந்துகளில் பையும் பணப்பையும் தைக்கும் சிறு பட்டறைகளை இன்றும் காணலாம்.

வங்காளத்தில் தோல்வேலை கலையாகவும் வளர்ந்தது. 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் கிராமக் கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. கவி தாகூரின் மகன் ரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியும் அங்கே தோற்கலையை ஊக்கி வளர்த்தனர். பூவும் கொடியும் புடைப்பாகப் பதித்து வண்ணம் தீட்டிய சாந்திநிகேதன் தோற்பைகளை நம்மில் பலர் வாங்கியிருப்போம். ஊருக்குப் போகும்போது உறவினர்க்குப் பரிசாகவும் கொண்டு சென்றிருப்போம்.

அத்தகைய வேலைக்கு ஏற்றது மரப்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல். அதனைச் செய்வதில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது நம் தமிழ்நாடு. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், ஈரோடு, ஆம்பூர் முதலிய இடங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட மரபு உண்டு. கிழக்கிந்தியாவின் தோல் என்னும் பொருளில் 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரோடு அது கடல் கடந்து சென்றது. இன்று அப்பெயர் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பொங்கலின்போது நாம் காப்புக்கட்டில் செருகும் அதே ஆவாரைதான், மாட்டுத் தோலை அழுகாமற் காத்து ஆண்டுக் கணக்கில் உழைக்கச் செய்தது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தோலைத் தேர்ந்தெடுக்கும் முறை.

கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி குரோம் உப்பினால் பதனிட்ட தோல். அது மென்மையானது; நீரை ஓரளவு தாங்கும். எனினும் தொடக்க நிலையில் இருப்பவர்க்குத் தாவரப் பதனிட்ட தோலே நல்லது. அது விறைப்பாக நிற்கும். மடித்த இடத்தில் மடிப்பு நிலைக்கும். விளிம்பைத் தேய்த்தால் மெருகேறும். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது கடினம் அன்று. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். தாவரப் பதனிட்ட தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். மேலே என்ன வண்ணம் பூசியிருந்தாலும் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல்.

தோலின் கனம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் துளையிடுவது கடினம். குறைந்தால் பை துவண்டு போகும். ஒரே தோலிலும் எல்லா இடமும் ஒன்றுபோல் இரா. முதுகுப் பகுதி உறுதியானது. வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும். கழுத்துப் பகுதியில் சுருக்கங்கள் மிகுதி. ஆதலின் முதுகை ஒட்டிய துண்டாகக் கேட்டு வாங்குங்கள். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். நாம் செய்யப் போகும் பைக்கு 24 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரே துண்டு போதும். அதன் பரப்பு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர அடி. வளையம் பிடிக்கும் சிறு துண்டுகளுக்கும் தைத்துப் பழகுவதற்கும் சேர்த்து இரண்டு சதுர அடி வாங்கினால் போதுமானது. தோள்வாருக்கு அவ்வளவு நீளம் இதில் கிடைக்காது. இடுப்பு வாருக்கென வெட்டி விற்கும் நீண்ட பட்டை ஒன்றை, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் தனியே வாங்கிக் கொள்ளலாம்.

கருவிகளுக்காகப் பெரும்பொருள் செலவிட வேண்டா. கூரான வெட்டுக்கத்தி ஒன்று, இரும்பு அளவுகோல் ஒன்று, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய பருத்த ஊசிகள் இரண்டு, மெழுகு பூசிய நூல், மரச்சுத்தி, பழைய மரப்பலகை, ரப்பர்ப் பசை, உப்புத்தாள், சிறிது தேன்மெழுகு ஆகியவை வேண்டும். குழந்தைகளின் கணக்குப் பெட்டியில் இருக்கும் கவராயம் கோடு போடப் பயன்படும். துணி உலர்த்தும் கவ்விகள் ஒட்டிய விளிம்புகளைப் பிடித்துக் கொள்ளும். கடையில் வாங்க வேண்டிய உலோகப் பொருள்கள் அரைவட்ட வளையங்கள் இரண்டும், பிரஸ் பட்டன் என்று வழங்கும் அழுத்துப் பொத்தான் ஒன்றும் ஆகும். பொத்தானைப் பதிக்கும் சிறு அச்சையும் உடன் கேட்டு வாங்க மறவாதீர்கள்.

தோலைத் தொடுவதற்கு முன் தடித்த அட்டையில் மாதிரி வெட்டுங்கள். 24-க்கு 50 என்ற அந்த அட்டையில் முதல் 18 சென்டிமீட்டர் பையின் முன்புறம். அடுத்த 18 பின்புறம். எஞ்சிய 14 முன்னால் மடிந்து மூடும் மூடி. மூடியின் இரு மூலைகளையும் காப்பி டம்ளரின் வாயை வைத்து வளைவாக வரைந்து கொள்ளுங்கள். பின்னர் அட்டையை மடித்து, நீங்கள் நாள்தோறும் எடுத்துச் செல்லும் மூக்குக் கண்ணாடி, கைப்பேசி, பணப்பை ஆகியவற்றை உள்ளே வைத்துப் பாருங்கள். பக்கச் சுவர் இல்லாத தட்டையான பையாதலின், பொருள் மிகுந்தால் மூடி எட்டாது. மாற்றம் வேண்டுமாயின் அட்டையிலேயே செய்து முடியுங்கள். அட்டை போனால் மற்றோர் அட்டை. தோல் போனால் போனதுதான்.

அட்டை சரியாக அமைந்ததும் அதனைத் தோலின் உட்புறத்தில் வைத்துப் பேனாவால் வரையுங்கள். பிறகு இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்துக் கத்தியால் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயலக் கூடாது. முதல் இழுப்பு வழிகாட்டும் கோடாக இலேசாக இருக்கட்டும். இரண்டாம் மூன்றாம் இழுப்புகளில் தோல் பிரியும். அளவுகோலைப் பிடிக்கும் விரல்கள் கத்தி செல்லும் பாதைக்கு வெளியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது. அதனை மிகுதியாக அழுத்த நேர்கிறது. அழுத்தும்போதுதான் கை வழுக்குகிறது.

வெட்டியவுடன் தைக்கத் தொடங்குவது பலரும் காட்டும் அவசரம். தைத்து மூடிய பின் உட்புறத்தில் கை புகுந்து வேலை செய்ய இயலாது. ஆதலின் மூன்று வேலைகளை முன்னரே முடிக்க வேண்டும்.

முதலாவது, பையின் வாய்விளிம்பு. முன்புறத் துண்டின் மேல்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, விரலால் சிறிது நீர் தடவி, முரட்டுத் துணியால் விரைவாகத் தேயுங்கள். தாவரப் பதனிட்ட தோலாயின் சில நிமிடங்களில் விளிம்பு இறுகி மின்னும். அதன்மேல் தேன்மெழுகு தடவி மீண்டும் தேய்த்தால் நீர் எளிதில் ஊறாது. இரண்டாவது, வளையங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலமும் ஏழு சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரு துண்டுகளை வளையங்களில் கோத்து, மடித்து ஒட்டி, பின்புறத் துண்டில் மூடியின் மடிப்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக வைத்துத் தைத்து விடுங்கள். பையின் எடை முழுவதையும் தாங்குபவை இத்துண்டுகளே. நாற்புறமும் தைப்பது நலம். மூன்றாவது, அழுத்துப் பொத்தானின் கீழ்ப்பாதி. அதனை முன்புறத்தின் நடுவில் இப்பொழுதே பதித்து விடுங்கள். மேல்பாதியை மட்டும் கடைசிவரை விட்டு வையுங்கள். பை முடிந்து, பொருள்கள் உள்ளே சென்ற பிறகு மூடி எங்கே வந்து படிகிறதோ அங்கே அதனைப் பதித்தால் பொத்தான் பிசகாமல் பொருந்தும்.

அடுத்து ஒட்டுதல். தைக்க வேண்டிய இரு பக்கங்களிலும் உள்விளிம்பை ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, முன்புறம் பின்புறம் இரண்டிலும் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பின் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்துங்கள். ரப்பர்ப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். நெடுநேரம் முகர்ந்தால் தலைசுற்றும். ஆகவே அடுப்பங்கரையில் இவ்வேலை கூடாது. சன்னல் திறந்த அறையிலோ மாடி வராந்தாவிலோ செய்யுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பசையையும் கத்தியையும் வையுங்கள்.

இப்பொழுது இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருகிறோம். அது தையல். விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே கவராயத்தால் ஒரு கோடு கீறுங்கள். அக்கோட்டின்மேல் ஐந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியிட்டு, பலகையின்மேல் வைத்துக் குத்தூசியால் துளையிடுங்கள். ஊசி நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் பின்பக்கத்து வரிசை கோணிப்போகும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 36 துளைகள். இரு பக்கத்துக்கும் 72.

தைப்பதற்கு ஒரே நூல். ஆனால் அதன் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகள். தையலின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். 18 சென்டிமீட்டருக்கு 72 ஆகிறது. கைக்கு இடம் விட்டு 90 சென்டிமீட்டர் எடுத்துக் கொள்ளுங்கள். முதல் துளையில் நூலைக் கோத்து இருபுறமும் சமமாக இருக்குமாறு இழுத்து விடுங்கள். அடுத்த துளையில் இடப்புறத்து ஊசியை வலப்புறம் செலுத்துங்கள். பின்னர் வலப்புறத்து ஊசியை அதே துளை வழியாக இடப்புறம் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒரே அளவில் இழுத்து இறுக்குங்கள். எந்த ஊசி முதலில் சென்றதோ அதே ஊசி கடைசி வரையில் முதலில் செல்ல வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் தையலின் சாய்வு மாறும். பார்ப்பவர் கண்ணுக்கு உடனே தெரியும். இரண்டாவது ஊசி செல்லும்போது துளையில் ஏற்கனவே இருக்கும் நூலைக் குத்தி விடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கடைசித் துளையை அடைந்ததும் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள். முடிச்சு வேண்டா. பையின் வாயருகே உள்ள முதல் துளையை இருமுறை தைப்பது நல்லது. பையைத் திறக்கும்தோறும் இழுபடுவது அவ்விடமே.

தையல் இயந்திரம் வீட்டில் இருக்கும்போது இத்தொல்லை எதற்கு என்று கேட்கலாம். வீட்டு இயந்திரம் இவ்வளவு கனத்தைத் தாங்காது என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் முக்கியமானது. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தனித்தனி. ஒன்றையொன்று கொக்கி போல் பற்றி நிற்பவை. ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தால் பிடி விட்டுத் தையல் பிரியத் தொடங்கும். கைத்தையலில் ஒவ்வொரு துளையிலும் இருபுறத்து நூலும் முழுதாகக் கடந்து செல்கின்றன. ஒரு புறம் தேய்ந்து அறுந்தாலும் மறுபுறம் பிடித்து நிற்கும். குதிரைச் சேணம் தைப்பவர்கள் கையாண்ட முறை இது. ஓடும் குதிரையின்மேல் தையல் பிரிந்தால் உயிருக்கே இடர் அல்லவா?

இனி எஞ்சியவை சில. பக்கவிளிம்புகளை முன்சொன்னவாறே தேய்த்து மெருகேற்றுங்கள். தோள்வாரை உங்கள் உயரத்துக்கேற்ப அளந்து வெட்டி, இரு நுனிகளையும் வளையங்களில் கோத்து, நான்கு சென்டிமீட்டர் மடித்துத் தையுங்கள். கடைசியாகப் பொத்தானின் மேல்பாதி. அதனோடு பை முடிந்தது. மாலைப்பொழுதுகளில் செய்தால் மூன்று அல்லது நான்கு நாள் வேலை.

முதற்பையில் சில குறைகள் இருக்கத்தான் செய்யும். தையலுக்கிடையே தோல் சுருங்கினால் நூலை மிகுதியாக இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். நூல் தளர்ந்து நின்றால் இழுப்புப் போதவில்லை. விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் உப்புத்தாளால் இரண்டையும் சேர்த்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். ஒரு துளி நீர் பட்டுக் கறையானால், ஈரத் துணியால் அந்தப் பக்கம் முழுவதையும் சீராக நனைத்து நிழலில் உலர்த்துங்கள். கறை பெரும்பாலும் கலந்து மறையும். வெயிலில் உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும். இவ்வூர் மழைக்காலத்தில் தோற்பொருள்மேல் பூஞ்சணம் படர்வதை நீங்கள் அறிவீர்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள். பழந்துணியில் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைத்து, அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்தால் பல்லாண்டு உழைக்கும்.

இவ்வளவும் செய்முறை. இனித் தயக்கத்துக்கு வருகிறேன்.

தயக்கம் இரு வகைப்படும். ஒன்று கொல்லாமை கருதியது. அது மதிக்கத்தக்கது. காந்தியடிகள் இயல்பாக இறந்த மாடுகளின் தோலையே பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். தோலையே தொடவேண்டா என்று கருதுவோர், தடித்த கித்தான் துணியில் இதே மாதிரியை வைத்து வெட்டி, விளிம்பை மடித்து, இதே இரட்டை ஊசித் தையலால் தைக்கலாம். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

மற்றொரு தயக்கம் வேறு. அது தோலைப் பற்றியதன்று. தோலைத் தொட்ட மனிதரைப் பற்றியது. கடையில் விலை கொடுத்து வாங்கிய தோற்பையைப் பூசையறைக்கு அடுத்த அலமாரியில் வைக்கும் நாம், அதைத் தைத்தவர் வந்தால் வாயிற்படியில் நிறுத்துகிறோம். பொருளுக்கு இல்லாத தீட்டு அதைச் செய்த கைக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு நேர்மையான விடை நம்மிடம் இல்லை.

இந்நோய் பழமையானது. புகார் நகரின் தொழிலாளரைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் தோலைத் தைப்பவர்க்கும் இடம் தருகிறது. புறநானூற்றின் 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, ஞாயிறும் மறையும் வேளை. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னும் அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து செல்லுமோ, அவ்வளவு விரைவாக நடந்தது மன்னன் நற்கிள்ளியின் போர் என்பது உவமை. அரசனுடைய போரின் விரைவை அளக்கப் புலவர்க்குக் கிடைத்த அளவுகோல் ஓர் ஏழைத் தொழிலாளியின் ஊசி! அவனுடைய வீட்டுக் கவலையையும் புலவர் அறிந்திருக்கிறார். ஆயினும் அவனைச் சுட்டும் சொல் இழிந்தவன் என்னும் பொருளையே தருகிறது. கையைப் புகழ்ந்து ஆளைத் தாழ்த்தும் வழக்கம் அத்துணைத் தொன்மையானது. ஈராயிரம் ஆண்டாக வந்ததென்பதற்காக அது இன்னும் தொடர வேண்டுமா?

இவ்வழக்கத்தை மாற்ற ஒருவர் தம் கையையே கருவியாகக் கொண்டார். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே 1910-இல் காந்தியடிகளும் நண்பர் காலன்பாக்கும் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினர். அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர் பலர். காலன்பாக் ஒரு கிறித்தவத் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். பின்னர்ப் பண்ணையில் இருந்தவர்க்குக் கற்பித்தார். வழக்கறிஞர் ஒருவர் தரையில் அமர்ந்து தோலை வெட்டியதை அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் கண்ணால் கண்டனர். தம்மைச் சிறையிலிட்ட அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்குத் தாம் தைத்த ஒரு செருப்புச் சோடியை 1914-இல் அவர் பரிசாகத் தந்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைக்காலங்கள் அணிந்தார். பின்னர் 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி மரியாதையோடு திருப்பி அளித்தார். எதிரியின் உள்ளத்திலும் இடம்பெற ஒரு செருப்பால் முடிந்தது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் சாலைகளின் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த சாலையில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அக்கசட்டில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காகத் தமிழ்நாடு சென்றவர்கள். நாமும் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களே. நாம் இங்கு வந்தோம். அவர்கள் அங்குச் சென்றனர். வங்காளம் நமக்கு நாற்காலியும் காலனி வீடும் தந்தது. நம் நாடு அவர்களுக்குக் கசட்டுத் தொட்டியின் அருகே படுக்க இடம் தந்தது. இதனை எண்ணும்போது தலை குனிகிறது.

நாம் ஒரு பை தைப்பதனால் அவர்கள் துயர் தீருமா என்று நீங்கள் கேட்கலாம். தீராது. அதற்குச் சட்டம் வேண்டும், கண்காணிப்பு வேண்டும், பாதுகாப்பான வேலை வேண்டும். ஆனால் 72 துளைகளைத் தம் கையால் இட்டுத் தைத்தவர் ஒன்றை அறிவார். ஒவ்வொரு துளைக்கும் கண்ணும் விரலும் எவ்வளவு உழைக்கின்றன, பத்தாம் துளையில் விரல்நுனி எப்படி எரிகிறது, ஒரே சீராக இழுக்க எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும் என்பதை அவர் விரல்களே அவர்க்குச் சொல்லிவிடும். அதன்பின் தெருவோரத்தில் செருப்புத் தைப்பவரிடம் ஐந்து ரூபாய்க்காக வழக்காட அவர்க்கு நா எழாது. அவர் தொழிலை இழிந்ததென்று சொல்லவும் எழாது. அறியாத கையை இகழ்வது எளிது. தன் கைக்கு ஆசானான கையை இகழ்வது கடினம்.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் காலனி வாயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பல ஆண்டுகளாக ஒருவர் அமர்ந்து நம் செருப்புகளையும் பள்ளிப் பைகளையும் தைத்துத் தருகிறார். அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாதர் பிரிவு இத்தையலைக் கற்பிக்க வகுப்பு ஒன்று தொடங்குமாயின், அதற்கு ஆசிரியராக அவரையே அழைக்க வேண்டும். பாட்டு ஆசிரியர்க்கும் நாட்டிய ஆசிரியர்க்கும் தருவது போன்ற மதிப்பூதியம் அவர்க்கும் தர வேண்டும். இந்த மண்டபத்தில் நாற்காலியிட்டு அமரச் செய்து, நம் வீட்டுக் கோப்பையில் காப்பி தர வேண்டும். நம் குழந்தைகள் மளிகைக் கடைக்காரரை 'காக்கு' என்று வங்காள முறையில் சித்தப்பாவாக்கி அழைக்கின்றனர். இவரையும் அவ்வாறே அழைக்கட்டும். அடுத்த ஆண்டு விழா மலரில் ஆசிரியர்களின் பெயர் வரிசை அச்சாகும்போது, அவருடைய இசைவோடு அவர் பெயரும் அவ்வரிசையில் இருக்கட்டும்.

சிலர்க்கு இது உடன்பாடாக இராது என்பதை அறிவேன். அவர்கள் வகுப்புக்கு ஒருநாள் மட்டும் வந்து, அவர் ஊசி செல்லும் விரைவைப் பார்க்குமாறு கேட்டுக் கொள்கிறேன். அதைக் கண்ட பின்னும் அவர்கள் கருத்து மாறவில்லையாயின் நான் மேலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அட்டை மாதிரிகள் சிலவற்றை வெட்டிக் கொண்டு வந்திருக்கிறேன். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெற்றுக் கொள்ளலாம்.